நாட்டுக்கோழிகளுக்கு வீட்டிலேயே நல்ல நொறுக்குத் தீனி: முளைகட்டிய கம்பிலிருந்து கரையான் பானை வரை

ராசிபுரம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 14 நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. 11 பெட்டை, இன்னும் முட்டைக்கு வராத 2 வெடை, ஒரு சேவல். மாலை ஐந்தரை மணிக்கு ஒரு பழைய தகர டப்பாவில் கம்பைப் போட்டுக் குலுக்கினால் போதும், வேலியோரம் கிளறிக்கொண்டிருந்தவை எல்லாம் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவரும். கோழி வளர்க்கிற யாருக்கும் அந்த ஓட்டத்தைப் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. அதற்காகவே இன்னும் ஒரு பிடி அள்ளி வீசத் தோன்றும்.

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் வீசினேன். மிச்சச் சோறு, முறுக்குத் தூள், பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் எல்லாம் கோழிக்குத்தான். கருப்பி என்று ஒரு பெட்டை இருந்தது. நன்றாக முட்டையிட்டு வந்தது, திடீரென்று நிறுத்திவிட்டது. எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அதை அறுத்தபோது அடிவயிறு முழுக்கக் கை நிறைய மஞ்சள் கொழுப்பு. முட்டைக்குப் போக வேண்டிய சத்து கிடைக்காமல், மாவுச்சத்து மட்டும் கொழுப்பாகச் சேர்ந்திருந்தது. நான் ஆசையாகப் போட்டதுதான் அது. அன்றிலிருந்துதான் என்ன கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கோழிக்கு நொறுக்குத் தீனி வயிற்றை நிரப்பக் கொடுப்பதல்ல. மேய்ச்சலிலும் தீவனத்திலும் அந்தந்தப் பருவத்தில் எது குறைகிறதோ அதைக் கொடுப்பதற்குத்தான் அது. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் அளவு

முட்டையிடும் நாட்டுக்கோழி ஒன்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 80 முதல் 100 கிராம் வரை தீவனம் எடுக்கும். இதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நொறுக்குத் தீனி போகக் கூடாது. அதாவது ஒரு கோழிக்கு 8 அல்லது 10 கிராம் உலர் தானியம். என் 14 கோழிகளுக்கும் சேர்த்து 120 கிராம்தான் வருகிறது, கிட்டத்தட்ட ஓர் ஆழாக்கு. முதல் தடவை அதைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது, அதுவரை மூன்று மடங்கு போட்டிருந்தது தெரிந்தது. நீங்களும் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். அப்புறம் கையே அளவைப் பழகிக்கொள்ளும்.

கீரைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் பெரும்பகுதி தண்ணீர். கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கலாம்.

முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். அரிசிச் சோற்றில் அது மிகக் குறைவு. காலையில் சோற்றை வயிறு முட்டத் தின்ற கோழி தீவனத்தைச் சீண்டாது, பூச்சி தேடி அலையவும் அலையாது. அதனால் நொறுக்குத் தீனிக்கு மாலைதான் நல்ல நேரம். தீவனம் தின்று, மேய்ந்து முடித்து, கூடு அடையப் போகிற நேரம். பஞ்சாரத்திலோ கூட்டிலோ அடைப்பதற்கும் இது வசதி. யாரும் துரத்த வேண்டாம், டப்பா சத்தமே கூட்டிவந்துவிடும்.

கோழியின் வயிறு எப்படி வேலை செய்கிறது

கோழிக்குப் பல் இல்லை. தின்றது முதலில் கழுத்துக்குக் கீழே இருக்கும் இரைப்பையில் தங்கி ஊறும். அப்புறம் உள்ளே இருக்கும் தடித்த சதையாலான அரைவைப்பைக்குப் போகும். அங்கே கோழி முன்பே விழுங்கி வைத்திருக்கும் சின்னச் சின்னக் கற்கள்தான் அம்மி மாதிரி அரைக்கின்றன. வெளியே மேயும் கோழி இந்தக் கற்களைத் தானே பொறுக்கிக்கொள்ளும். மொட்டை மாடியிலோ கூண்டிலோ அடைத்து வளர்ப்பவர்கள் ஒரு கொட்டாங்குச்சியில் பருமணல் வைத்தே ஆக வேண்டும். முழுத்தானியமும் கீரையும் கொடுத்துவிட்டுக் கல் கொடுக்காமல் இருந்தால் அது செரிக்காமல் தங்கும்.

இன்னொரு விஷயம். கோழியின் நாக்குக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் மரபணு அதற்கு இல்லை. வெல்லம், சர்க்கரை சேர்ப்பதால் கோழிக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. காரமும் உறைக்காது. மிளகாயில் எரிகிற பொருள் பறவைகளின் நரம்பைத் தொடுவதில்லை. காட்டில் மிளகாய் விதை பரவுவதே பறவைகளால்தான். ஆகவே மிளகாய்ப்பழ விதையைக் கோழி கொத்தினால் பதற வேண்டாம். கோழி தீனியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கண்ணால்: நிறம், உருவம், அசைவு. நெளிகிற புழுவுக்கு எந்தப் பலகாரமும் ஈடாகாது.

முளைகட்டிய கம்பும் பச்சைப்பயறும்

நான் அதிகம் செய்வது இதுதான். வாரத்தில் மூன்று நாள் இதுவே போகிறது.

கம்பு 80 கிராம், பச்சைப்பயறு 40 கிராம் எடுத்து மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மிதக்கும் சொத்தை மணிகளை அப்போதே நீக்கிவிடுங்கள். இரவு 8 முதல் 10 மணி நேரம் ஊறட்டும். காலையில் தண்ணீரை முழுவதும் வடித்து, ஈரமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். இறுகக் கட்டினால் நடுவில் சூடேறிப் புளித்துவிடும். காலையும் மாலையும் ஒரு தடவை துணியோடு தண்ணீரில் அலசித் திரும்பத் தொங்கவிட வேண்டும். 24 முதல் 36 மணி நேரத்தில் வெள்ளை முளை கால் அங்குலம் வந்திருக்கும். அதுதான் பதம். எடுத்து ஒரு தட்டில் பரப்பி, மேலீரம் காய்ந்ததும் கொடுக்கலாம்.

தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைக்கும்போது அது குறைகிறது. அதனால் அதே கம்பிலிருந்து கோழிக்குக் கூடுதல் சத்து கிடைக்கிறது.

மூக்கை நம்புங்கள். நல்ல முளையில் பச்சை வாசம்தான் வரும். கொழகொழவென்று இருந்தாலோ, பஞ்சு மாதிரிப் பூஞ்சை தெரிந்தாலோ, சாக்கடை வாடை வந்தாலோ எருக்குழிக்குப் போகட்டும். அலசிவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கோடையில் முளை சீக்கிரம் வரும், சீக்கிரம் கெட்டும் போகும். அடைமழைக் காலத்தில் ஈரம் காயாது என்பதால் நான் சிறிய அளவாகவே கட்டுகிறேன்.

தொங்கும் கீரைக்கட்டு

செய்வதற்கு இதைவிட எளிது கிடையாது. முருங்கைக் கொத்து, அகத்தி, கல்யாண முருங்கை, தோட்டத்தில் முளைத்த குப்பைக்கீரை, கிடைப்பதைச் சேர்த்து ஒரு சணல் கயிற்றில் கட்டி, கோழியின் தலைக்குச் சற்று மேலே வருமாறு தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்து எச்சமாக்கும். தொங்கினால் எம்பி எம்பிச் சின்னத் துண்டுகளாகக் கிழித்துத் தின்னும். அடைத்து வளர்க்கும் கோழிகளுக்கு இது ரொம்ப முக்கியம். பொழுது போகாத கோழிதான் பக்கத்துக் கோழியின் இறகைக் கொத்திப் பிடுங்கும். அதற்கு இந்தக் கட்டு ஒரு வேலை கொடுக்கிறது.

நீளமான முற்றிய புல்லை வெட்டிப் போடுவது மட்டும் வேண்டாம். நார் திரண்டு இரைப்பையில் பந்தாக அடைத்துக்கொள்ளும். புல் கொடுப்பதானால் அரை அங்குலத்துக்கு நறுக்குங்கள்.

கீரை தின்கிற கோழியின் மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறமாக இருக்கும். கீரையிலும் மக்காச்சோளத்திலும் செண்டுமல்லிப் பூவிலும் உள்ள நிறமிதான் அதற்குக் காரணம். பூஜைக்கு வாங்கிய செண்டுமல்லி மிஞ்சினால் கோழிக்குப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டில் பூத்ததென்றால் தாராளமாக. கடைப்பூவுக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், அதைத் தவிர்ப்பது நல்லது. பாலக்கும் பசலையும் எப்போதாவது கொடுத்தால் போதும். அவற்றில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும்.

கேழ்வரகு முருங்கைக் கொழுக்கட்டை

இறகு உதிர்க்கும் காலத்திலும், அடைகாத்து எழுந்த கோழிக்கும் நான் செய்வது. 21 நாள் அடையில் கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கும், எதையோ கொத்திவிட்டுத் திரும்ப ஏறிவிடும். குஞ்சு பொரித்து இறங்கும்போது பாதி எடை போனது மாதிரி இருக்கும். இறகு என்பதோ பெரும்பாலும் புரதம். பழைய இறகு கொட்டிப் புது இறகு முளைக்கும்போது அத்தனை புரதமும் தீனியிலிருந்துதான் வர வேண்டும்.

கேழ்வரகு மாவு ஒரு கப், அரிசித் தவிடு அரைக் கப், உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, வேகவைத்து மசித்த முட்டை ஒன்று, தேங்காய்த் துருவல் ஒரு கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. உப்பு வேண்டாம், வெல்லம் வேண்டாம். கீரையைப் பொடியாக நறுக்கி எல்லாவற்றையும் கலந்து, வெந்நீர் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், ஒட்டக் கூடாது. பிடி கொழுக்கட்டையாகப் பிடித்து இட்லிப் பானையில் 15 நிமிடம் வேகவையுங்கள். முழுக்க ஆறவிட்டு, உதிர்த்துப் போடுங்கள். என் 14 கோழிகளுக்கு இது இரண்டு மாலைக்கு வரும். மிச்சத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுவேன், அதற்கு மேல் வைப்பதில்லை.

தவிடு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் எண்ணெய் அதிகம், அதனால் சீக்கிரம் காறிவிடும். மில்லில் அன்றன்று அரைத்ததை ஒரு கிலோ, இரண்டு கிலோவாக வாங்குங்கள். காறல் வாடை அடிக்கும் தவிட்டைக் கோழிக்குப் போடாதீர்கள்.

முட்டையைக் கோழிக்கே கொடுக்கலாமா என்று தயங்க வேண்டாம். அதைவிடச் செரிமானமாகும் புரதம் வீட்டில் வேறு இல்லை. ஆனால் கட்டாயம் வேகவைத்து மசித்துத்தான் கொடுக்க வேண்டும். பச்சை முட்டையின் ருசி பழகிவிட்டால், கூட்டில் தானே உடைத்துக் குடிக்க ஆரம்பிக்கும். அந்தப் பழக்கத்தை விடவைப்பது மிகவும் சிரமம்.

ஓட்டுத்தூள்

ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தானியங்களிலேயே கால்சியம் அதிகமுள்ளது கேழ்வரகுதான், அதிலும் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் எந்தத் தானியத்தாலும் ஓடு கட்டாது என்பது புரியும். ஓடு கட்டாத தோல்முட்டை இடுகிற கோழிக்குக் கேழ்வரகு போதாது, ஓடே வேண்டும்.

வீட்டில் சேரும் முட்டை ஓடுகளைக் கழுவி, கொதிக்கும் நீரில் 10 நிமிடம் போட்டெடுத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். அப்புறம் வெறும் கடாயில் லேசாக வறுத்து, அம்மியிலோ மிக்ஸியிலோ ரவை பதத்துக்குப் பொடியுங்கள். மாவாக அரைக்காதீர்கள். கொரகொரப்பாக இருந்தால்தான் வயிற்றில் மெதுவாகக் கரையும். முட்டைக்கு ஓடு கட்டும் வேலையின் பெரும்பகுதி இரவில்தான் நடக்கிறது. மாலையில் தின்ற ஓட்டுத்துண்டு அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும்.

கொதிக்கவைப்பதை விட்டுவிடாதீர்கள். கடை முட்டையின் ஓட்டோடு பண்ணை நோய்க்கிருமி வீட்டுக்குள் வர வழி இருக்கிறது. பாதி ஓடாக, முட்டை என்று தெரியும்படியும் போடக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

இதை எதிலும் கலக்காமல் தனிக் கொட்டாங்குச்சியில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கும் இன்னும் முட்டைக்கு வராத வெடைகளுக்கும் அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லார் தீனியிலும் கலந்துவிட்டால் அவை தப்ப முடியாது. உடைத்த கிளிஞ்சலும் இதே வேலையைச் செய்யும். ஆனால் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையோ, சுட்ட சுண்ணாம்பையோ கொடுத்துவிடாதீர்கள், அது தொண்டையைச் சுட்டுவிடும்.

கரையான் பானை

குஞ்சுகளுக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்த முறைகளில் இதற்கு நிகராக எதையும் நான் பார்க்கவில்லை. காசு செலவில்லை, ஒரே இரவில் கிடைக்கிறது, புரதமும் கொழுப்பும் நிறைந்தது.

ஒரு பழைய மண்பானை எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த கோணி, காய்ந்த சாணி, தென்னை மட்டைத் துண்டு, இற்றுப்போன விறகு, காய்ந்த ஓலை, இதையெல்லாம் தளர்வாக அடைத்துத் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். நனைந்து ஊறக் கூடாது, ஈரப்பதம் இருந்தால் போதும். கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் தரையைக் கடப்பாரையால் லேசாகக் கொத்தி, அங்கேயும் தண்ணீர் தெளித்து, மாலையில் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அசையாமல் மேலே ஒரு கல் வையுங்கள். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் போய்த் தூக்கினால் சாக்கிலும் சாணியிலும் கரையான் மொய்த்திருக்கும். அப்படியே கொண்டுவந்து தாய்க்கோழியும் குஞ்சுகளும் நிற்கும் இடத்தில் உதறுங்கள். தாய் ஒவ்வொன்றாகக் கொத்திக் காட்டி, குரல் கொடுத்துக் குஞ்சுகளைக் கூப்பிடும். அதை உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பெரிய நிறைவு.

வீட்டுச் சுவர், நிலைப்படி, கதவுப் பக்கம் பானை வைக்காதீர்கள். தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போங்கள். அதைவிட முக்கியம், கரையான் மருந்து ஊற்றிய இடத்தில் வைக்கவே கூடாது. அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் மருந்து போட்டார்களா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மருந்து தின்ற கரையானைத் தின்ற குஞ்சு பிழைக்காது.

அசோலாத் தொட்டி

அசோலா தண்ணீரில் மிதந்து வளரும் ஒரு சின்னப் பெரணிச் செடி. இடமும் கொஞ்சம் நிழலும் இருந்தால் தொட்டியை ஒரு தடவை அமைத்துவிடலாம், அப்புறம் தினமும் பறிப்பதுதான் வேலை. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுப் பிரிவு பரப்பிய முறையைத்தான் நான் சின்னதாக்கிச் செய்கிறேன். அவர்கள் அளவு 2 மீட்டருக்கு 2 மீட்டர். நான் 3 அடிக்கு 2 அடி சிமென்ட் தொட்டி வைத்திருக்கிறேன்.

அடியில் சலித்த தோட்டமண் 2 கிலோ பரப்புங்கள். 300 கிராம் பசுஞ்சாணியையும் ஒரு தேக்கரண்டி சூப்பர் பாஸ்பேட் உரத்தையும் கரைத்து ஊற்றி, தண்ணீரை நாலு அங்குல உயரத்துக்கு நிரப்புங்கள். அதன் மேல் இரண்டு கைப்பிடி அசோலாவைத் தூவித் தண்ணீர் தெளித்தால் போதும். 10 முதல் 15 நாளில் தொட்டி பச்சைப் பாயாகிவிடும். அதற்கப்புறம் தினம் ஒரு கைப்பிடி எடுக்கலாம். ஐந்து நாளைக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி சாணியும் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக சூப்பர் பாஸ்பேட்டும் கரைத்துவிடுங்கள். அசோலா சிவந்தால் வெயில் அதிகம் அல்லது பாஸ்பரஸ் குறைவு.

பறித்ததைச் சாணி வாடை போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் கோழிகள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டன. தவிட்டில் பிசறிக் கொடுத்துப் பழக்கினேன், இப்போது வாளியைப் பார்த்தாலே சூழ்ந்துகொள்கின்றன.

கோடைக்குத் தனி ஏற்பாடு

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டுவதே தடைப்படுகிறது. கத்திரி வெயிலில் முட்டை ஓடு மெலிந்துபோவது அதனால்தான். தானியம் செரிக்கும்போதும் உடலில் சூடு உண்டாகும். எனவே சித்திரை, வைகாசியில் உச்சிப்பொழுதில் தானியம் எதுவும் வேண்டாம். தர்பூசணித் தோல், வெள்ளரி, சுரைக்காயின் உள்சதை, இவற்றைக் குளிர்ச்சியாக நறுக்கி நிழலில் வையுங்கள். கசக்கும் சுரையும் வெள்ளரியும் மட்டும் வேண்டாம், அந்தக் கசப்பு விஷம். உப்பில்லாத நீர்மோர் ஒரு சின்னக் கிண்ணம் போதும். பறவைக்குப் பால்சர்க்கரை சரியாகச் செரிக்காது, அதிகம் குடித்தால் கழியும். எல்லாவற்றுக்கும் மேல் மண்சட்டியில் தண்ணீர், ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்றி.

கொடுக்கவே கூடாதவை

பூஞ்சை பிடித்த எதையும். இதைச் சொல்லும்போது மனசு கனக்கிறது. ஓர் ஐப்பசி அடைமழையில், விலை குறைவு என்று கடலைப் புண்ணாக்கு வாங்கிவந்தேன். ஓரத்தில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. சுரண்டிவிட்டு, ஊறவைத்துக் கொடுத்தேன். 10 நாளில் 12 குஞ்சுகளில் 5 போயின. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அப்ளாடாக்சின் கல்லீரலைத் தாக்கும். சுரண்டினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப்போனபோது தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அப்படித்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். கடலையும் மக்காச்சோளமும் மழைக்காலத்தில் இதற்கு எளிதில் இடம் கொடுக்கும். சந்தேகம் வந்தால் மண்ணில் புதைத்துவிடுங்கள்.

உப்பு. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், உப்புக்கருவாடு எதுவும் வேண்டாம். கருவாட்டுத் தலை கொடுக்க ஆசையென்றால் உப்பிடாமல் காயவைத்ததை வாங்கிப் பொடித்துத் தூவுங்கள்.

எங்கள் பக்கம் மரவள்ளி நிறைய விளைகிறது. பச்சை மரவள்ளித் தோலிலும் இலையிலும் சயனைடு உண்டு. குப்பைமேட்டில் கொட்டிய தோலைக் கோழி கிளறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகாத ராஜ்மா, மொச்சை, பச்சை ஏறிய உருளைக்கிழங்கும் அதன் தோலும், ஆமணக்கு விதை, வெண்ணெய்ப்பழம், சாக்லேட், தேயிலை, காப்பித்தூள், இவை எல்லாமே ஆபத்து.

வெங்காயம் பற்றி மட்டும் பலரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். கோழி சோர்ந்தால் சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். எப்போதாவது இரண்டு துண்டு என்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் உள்ள கந்தகப் பொருள் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக் கூடியது, தினசரித் தீனியாக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு வெங்காயமும் மஞ்சளும் மருந்தாகாது. அந்த நோய்க்கு இருப்பது தடுப்பூசி ஒன்றுதான். 7-ஆம் நாள் சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் ஊசி, அப்புறம் கால்நடை மருத்துவர் சொல்கிற இடைவெளியில். பப்பாளி விதை, பூசணி விதையும் அப்படித்தான். கோழி விரும்பித் தின்னும், தாராளமாகக் கொடுங்கள். குடற்புழு மருந்தை மட்டும் அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

குஞ்சுகள்

முதல் மூன்று வாரம் குஞ்சுத் தீவனம்தான் பிரதானம். அதில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கும். அந்த வயதில் அரிசிக்குருணையால் வயிற்றை நிரப்பினால் வளர்ச்சி நின்றுவிடும். தாயோடு திரியும் குஞ்சென்றால் கரையானும், பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை ஒரு சிட்டிகையும் போதும். முளைகட்டியதும் கொழுக்கட்டையும் ஒரு மாதம் கழித்து, அதுவும் நன்றாக உதிர்த்து.

வாரம் எப்படிப் போகிறது

பட்டியல் போட்டு நடத்துவதில்லை, ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி முளைகட்டிய கம்பு. செவ்வாயும் வியாழனும் அசோலாவைத் தவிட்டில் பிசறி. சனிக்கிழமை கொழுக்கட்டை, அதுவும் இறகு உதிர்ப்போ அடைக்கோழியோ இருந்தால்தான். ஞாயிறு கீரைக்கட்டு, முந்தின நாள் கொழுக்கட்டை மிஞ்சியிருந்தால் அதுவும். ஓட்டுத்தூள் கொட்டாங்குச்சி எப்போதும் ஓரத்தில் இருக்கும். மிச்சச் சோறு வந்தால் அன்றைய தானியத்துக்குப் பதிலாக, தவிடும் கீரையும் கலந்து, அதே அளவில். கூடுதலாக அல்ல.

தீனி போட்டுவிட்டு உடனே உள்ளே போய்விடாதீர்கள். ஐந்து நிமிடம் நில்லுங்கள். டப்பா சத்தத்துக்கு ஓடிவராமல் பின்னால் நிற்பது எது, ஒரு காலைத் தூக்கி வருவது எது, கொண்டை வெளுத்திருப்பது எது என்று அந்த நேரத்தில்தான் தெரியும். சந்தேகமான கோழியை இருட்டியதும் கூட்டிலிருந்து மெதுவாக எடுத்துக் கழுத்தடியில் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். தின்றுவிட்டு வந்திருந்தால் நிறைந்து மெத்தென்று இருக்கும். விடியற்காலையில் திறந்துவிடும் முன் இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள். அப்போது காலியாகியிருக்க வேண்டும். இன்னும் கல் மாதிரி கெட்டியாகவோ, தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்றோ இருந்தால் அன்றைக்கு அதற்குத் தீனி நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்துத் தனியாக அடைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.